அலபாமாவில் நான்கு நாள், அப்புறம் கம்மிங்

அக்டோபர் 17, 2024, வியாழன், மாண்ட்கமரி

மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. அட்லாண்டாவுக்கு வடக்கே ஃபோர்சைத் மாவட்டத்தில் கம்மிங் என்கிற ஊர். சுற்றிலும் நம்மவர்கள்தான். காலையில் நடக்கப் போனால் தெலுங்கும் தமிழும் காதில் விழும். பத்து நிமிடம் காரில் போனால் முருங்கைக்காய் கிடைக்கும்.

பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று வந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். தொலைபேசித் துறையில் 34 வருடம் வேலை பார்த்தவள் நான். ஆரம்பத்தில் டிரங்க் கால் ஆபரேட்டர். பாதி ஆயுள் தொழிற்சங்கத்தில் போனது. திருச்சியில் எங்கள் சங்க அறைச் சுவரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங் படமும் மாட்டியிருப்போம். மகள் இரண்டு நாள் விடுப்பு போட்டாள். மருமகன், "பையனை நான் பார்த்துக்கிறேன், போயிட்டு வாங்க அத்தை" என்றார்.

அலபாமா எல்லை தாண்டியதும் கைப்பேசியில் நேரம் ஒரு மணி பின்னால் போனது. அந்த ஒரு மணி நேரம் கையில் இருந்ததால், நாளைக்கு என்று வைத்திருந்த கும்பலால் கொல்லப்பட்டோர் நினைவிடத்துக்கு இன்றே போய்விட்டோம். கட்டணம் 5 டாலர்தான். அதே சீட்டில் அருங்காட்சியகமும், ஆற்றங்கரையில் இருக்கும் சிற்பப் பூங்காவும் பார்க்கலாம். பிரையன் ஸ்டீவன்சன் என்கிற வழக்கறிஞரின் அமைப்பு 2018-இல் திறந்த நினைவிடம்.

ஒரு மேட்டின் மேல் 800-க்கும் அதிகமான துருப்பிடித்த நிற இரும்புத் தூண்கள். ஒரு தூண் ஒரு மாவட்டம். 1877 முதல் 1950 வரை கும்பல் சேர்ந்து கொன்ற 4,400-க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரின் பெயர்களை அவற்றில் வெட்டியிருக்கிறார்கள். நுழைந்ததும் தூண்கள் நம் உயரத்துக்கு எதிரே நிற்கின்றன, ஆள் நிற்பதுபோல. நடக்க நடக்கத் தரை இறங்குகிறது. தூண்கள் இருந்த இடத்திலேயே இருக்க, நாம் கீழே போகிறோம். கடைசியில் அண்ணாந்து பார்த்தால் எல்லாம் தலைக்கு மேலே தொங்குகின்றன. கழுத்து வலித்த பிறகுதான் எவ்வளவு நேரம் அப்படியே நின்றிருக்கிறேன் என்று தெரிந்தது.

வெளியே புல்தரையில் அதே தூண்களின் பிரதிகளைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அங்கிருந்த பணியாளர், வயதான கறுப்பினப் பெண்மணி, எந்த மாவட்டத்திலிருந்து வருகிறீர்கள் என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். மகள், "ஜார்ஜியா, ஃபோர்சைத்" என்றாள். அவர் ஒரு நிமிடம் அவள் முகத்தையே பார்த்தார். "வா கண்ணு, காட்டுறேன்" என்று கூட்டிப்போனார்.

ராப் எட்வர்ட்ஸ், 1912 செப்டம்பர் 10.

நிழலில் உட்கார்ந்து மகள் கைப்பேசியில் தேடித் தேடி வாசித்தாள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி தாக்கப்பட்ட வழக்கில் ராப் எட்வர்ட்ஸைப் பிடித்துக் கம்மிங் சிறையில் வைத்திருக்கிறார்கள். விசாரணை நடக்கவே இல்லை. கும்பல் சிறையை உடைத்து இழுத்து வந்து, அடித்து, சுட்டு, ஊர்ச் சதுக்கத்தில் இருந்த டெலிபோன் கம்பத்தில் தொங்கவிட்டது. அடுத்த மாதம் பதின்வயதுப் பையன்கள் இரண்டு பேரை, எர்னஸ்ட் நாக்ஸ், ஆஸ்கர் டேனியல், அவசர விசாரணை நடத்தி ஊர் கூடிப் பார்க்கத் தூக்கிலிட்டார்கள். அப்புறம் இரவு இரவாகக் குதிரையில் வந்து தேவாலயங்களை எரித்து, வீடுகளுக்குள் சுட்டு, மாவட்டத்தில் இருந்த கறுப்பர்கள் அனைவரையும் விரட்டினார்கள். 1910 கணக்கெடுப்பின்படி 1,098 பேர். காணியும் வீடும் விட்டுப் போனவர்கள் திரும்பவில்லை. அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியும் அது வெள்ளையர் மட்டுமே வாழும் மாவட்டமாக இருந்தது.

மகள் அங்கே வீடு வாங்கி ஐந்து வருடம். பள்ளிக்கூடம் நல்லா இருக்கிறது என்று வாங்கிய வீடு. அவளுக்கு இது தெரியாது.

டெலிபோன் கம்பத்தை ஒட்டியே 34 வருடம் சோறு தின்றவள் நான். இரவு விடுதியில், கொண்டுவந்த தயிர்சாதத்தை இரண்டு பேரும் பாதிகூடச் சாப்பிடவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி, மாண்ட்கமரி

காலையில் 7 டிகிரி. மருமகனின் குளிர்ச்சட்டை புடவைக்கு மேலே. மதியம் அதே ஊரில் வியர்த்தது.

டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தின் போதகராக இருந்தபோது கிங் குடியிருந்த வீட்டுக்குப் போனோம். திண்ணை வைத்த சின்ன மர வீடு. பேருந்துப் புறக்கணிப்பை அவர் நடத்திக்கொண்டிருந்த 1956 ஜனவரி 30 இரவு, அந்தத் திண்ணையில் குண்டு வெடித்தது. கிங் கூட்டத்துக்குப் போயிருந்தார். உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தை யோலண்டாவும். இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குண்டு விழுந்த இடத்தை அடையாளம் வைத்துக் காட்டுகிறார்கள்.

வீட்டில் நான் அதிகம் நின்றது சமையலறையில். குண்டு வெடிப்பதற்கு மூன்று நாள் முன்னால், நள்ளிரவில், ஊரை விட்டுப் போகாவிட்டால் கொல்வோம் என்று ஒரு தொலைபேசி மிரட்டல். தூக்கம் போய், காபி போட்டுக்கொண்டு, இந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இனி என்னால் முடியாது என்று கிங் கடவுளிடம் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். 27 வயது. அந்த வயதில் நான் இரவுப் பணியில் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த அழைப்பும் ஒரு கம்பி வழியாகத்தானே வந்திருக்கும் என்று அங்கே நின்றபோது நினைத்தேன்.

வழிகாட்டிய அம்மா என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். பேசும்போது கையைப் பிடித்துக்கொண்டே பேசினார். சங்கத்தில் இருந்தேன், நோட்டீஸ் அடிப்பது என் வேலை என்று சொன்னதும், "அப்படியென்றால் உனக்கு ஜோ ஆன் ராபின்சனைத் தெரிந்திருக்க வேண்டும்" என்றார். தெரியாது என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

ஜோ ஆன் ராபின்சன் அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியை, மகளிர் அரசியல் மன்றத்தின் தலைவி. 1949-இல் பேருந்தில் முன்வரிசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததற்காக ஓட்டுநர் கத்தி இறக்கிவிட்டார். அழுதுகொண்டே இறங்கினாராம். 1954 மே மாதமே மேயருக்கு, நிலைமை மாறாவிட்டால் பேருந்துகளைப் புறக்கணிப்போம் என்று கடிதம் எழுதியிருக்கிறார். 1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை ரோசா பார்க்ஸ் கைதானார். அன்றிரவே ராபின்சன் கல்லூரிக்குப் போய், நம்பிக்கையான இரண்டு மாணவர்களையும் ஒரு சக ஆசிரியரையும் வைத்துக்கொண்டு, விடிவதற்குள் பல்லாயிரம் துண்டறிக்கைகளை சைக்ளோஸ்டைல் செய்து முடித்தார். ஒரே தாளில் மூன்று முறை அடித்து, மூன்றாக வெட்டினார்கள். திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள் என்று செய்தி. காலையில் வகுப்பு எடுத்துவிட்டு, மதியம் ஊர் முழுக்கக் கொடுத்தாகிவிட்டது.

சைக்ளோஸ்டைல் அடித்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். ஸ்டென்சில் என்கிற மெழுகுத்தாளில் டைப் அடிக்கும்போது ரிப்பனை விலக்கிவிட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஆங்கில 'ஓ' வட்டமாகப் பெயர்ந்து விழும். தமிழ் நோட்டீஸ் என்றால் ஊசிப் பேனாவால் கையால் எழுதுவோம். பிழை விழுந்தால் நகப்பாலிஷ் வாடை அடிக்கும் திரவத்தைத் தடவி, ஊதிக் காய வைக்க வேண்டும். சில நூறு தாள் போனதும் மை கசியும், ஸ்டென்சில் கிழியும், திரும்ப முதலிலிருந்து. ஆயிரம் நோட்டீஸுக்கே எங்களுக்கு நடு ராத்திரி ஆகிவிடும், இரண்டு நாளைக்கு நகக்கண்ணில் கறுப்பு போகாது. அந்த அம்மாள் அதை அரசுப் பணம் வாங்கும் கல்லூரியின் இயந்திரத்தில், வேலை போகும் என்று தெரிந்தே செய்திருக்கிறார்.

ரோசா பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்னால், மார்ச் 2-ஆம் தேதி, கிளாடெட் கோல்வின் என்கிற 15 வயதுப் பள்ளி மாணவி இதே ஊரில் இடத்தை விட்டு எழ மறுத்துக் கைதானாள். பேருந்தில் பிரிவினையை ஒழித்த வழக்கை நடத்திய நான்கு பெண்களில் அவளும் ஒருத்தி. மற்றவர்கள் ஆரேலியா பிரௌடர், சூசி மெக்டொனால்ட், மேரி லூயிஸ் ஸ்மித். 2021-இல்தான் கோல்வின் மேலிருந்த சிறார் குற்றப் பதிவை நீதிமன்றம் அழித்தது. அப்போது அவருக்கு வயது 82. இந்த நான்கு பெயரில் ஒன்றுகூட எனக்கு நேற்று வரை தெரியாது. மேடையில் எத்தனை தடவை ரோசா பார்க்ஸ் என்று பேசியிருப்பேன்.

மதியம் நகர மையத்தில் ஒரு சின்ன உணவகம். தட்டுக்கு 14 டாலர். கோழி வறுவலோடு மூன்று தொடுகறி. வெண்டைக்காய் வறுவல், காராமணி, கீரை, சோள ரொட்டி. வெண்டைக்காயும் காராமணியும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளோடு இங்கே வந்து சேர்ந்தவை. காராமணியைக் குழைய வேகவிட்டு வெங்காயம் தூவித் தந்தார்கள், ஒரு வரமிளகாய் கிள்ளித் தாளித்தால் நம் வீட்டுச் சமையல்தான். மகள் சைவம். கீரை கேட்டதும் பரிமாறிய பெண், "வேண்டாம் செல்லம், அதில் பன்றி எலும்பு போட்டு வேக வைத்திருக்கிறோம்" என்று தடுத்து, தானே உள்ளே போய் விசாரித்து, எதெல்லாம் சாப்பிடலாம் என்று சீட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். தேநீர் கேட்டால் ஐஸ் போட்ட சர்க்கரைப் பாகு. ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

அங்கே உட்கார்ந்து நான் நினைத்தது, பேருந்துப் புறக்கணிப்பு நீண்ட 381 நாளும் எப்படிச் சாப்பிட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள் என்று. வேலைநிறுத்தம் நடத்தியவர்களுக்கு முதலில் வரும் கேள்வி அதுதான். வழிகாட்டி அம்மா அதற்கும் ஒரு பெயர் சொல்லியிருந்தார்: ஜார்ஜியா கில்மோர். சமையல்காரி. அந்தக் காலத்தில் கறுப்பர்கள் முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, இறங்கி, பின்வாசல் வழியாக ஏற வேண்டும். இவர் காசு போட்டு இறங்கியதும் ஓட்டுநர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். 1956 மார்ச்சில் கிங் மேல் நடந்த வழக்கில் சாட்சிக் கூண்டேறி இதைச் சொன்னார். அவர் சமைத்த உணவகத்தில் வேலை போனது. வீட்டிலேயே சமைத்து விற்கச் சொன்னவர் கிங். பெண்களைச் சேர்த்துக்கொண்டு கோழி சாண்ட்விச்சும் கேக்கும் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரமும் செய்து, அழகு நிலையம், சலவைக்கடை, டாக்சி நிறுத்தம் என்று விற்று, பணத்தைக் கூட்டத்தில் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊரை ஏற்றி இறக்கிய கார்களுக்கு அதுதான் பெட்ரோல். யார் கொடுத்தது என்று தெரிந்தால் வெள்ளைக்கார வீடுகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு வேலை போகும். அதனால் குழுவுக்கே 'எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்' என்று பெயர். பணம் எங்கிருந்து? எங்கிருந்தும் இல்லை.

1990 மார்ச்சில், வாக்குரிமை கேட்டு நடந்த செல்மா பேரணியின் 25-ஆம் ஆண்டுக்கு வருபவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்தபோது கில்மோர் இறந்துபோனார். துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டது அவர் சமைத்து வைத்ததைத்தான். சாயங்காலம் டெரிக்கோட் தெருவில் அவர் வீட்டைத் தேடிப் போனோம். சின்ன வீடு, முன்னால் ஒரு பெயர்ப்பலகை. வேறு யாரும் இல்லை. எங்கள் போராட்டங்களில் அடுப்படியில் நின்ற பெண்களின் பெயர்களை எல்லாம் அங்கே நின்று நினைத்துப் பார்த்தேன். பாதிதான் ஞாபகம் வந்தது.

அக்டோபர் 19, சனி, செல்மா

செல்மாவிலிருந்து மாண்ட்கமரி வரை 1965-இல் அந்தப் பேரணி நடந்து வந்த 54 மைல் சாலையில் எதிர்த்திசையில் போனோம். லௌண்டஸ் மாவட்டத்தில் டயர் பஞ்சர். இரண்டு பக்கமும் மேய்ச்சல் நிலம், கைப்பேசியில் சிக்னல் இல்லை. மாற்று டயர் இருந்தது, கழற்றும் சாவி இல்லை. இருபது நிமிடத்தில் ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெரியவர். "ஐயா சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் புல்லுப் பக்கம் நில்லுங்க, லாரி வேகமா வரும்" என்று முதலில் எங்களை ஓரம் கட்டினார். அப்புறம்தான் டயரைத் தொட்டார்.

வேலை செய்தபடியே பேசினார். இந்தச் சாலையோரத்தில்தான் கூடாரங்கள் இருந்தன என்று கையால் காட்டினார். 1965 தொடக்கத்தில் இந்த மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பர்கள். வாக்காளர் பட்டியலில் ஒரு கறுப்பர்கூட இல்லை. பதிவு செய்யப் போன குத்தகை விவசாயிகளை நிலக்காரர்கள் வீட்டை விட்டுத் துரத்தினார்கள். அந்தக் குடும்பங்கள் இரண்டு வருடத்துக்கும் மேல் கூடாரத்தில் இருந்தன. அவருடைய பெரியம்மா அங்கே இருந்தாராம். "குளிரில் கட்டில் காலில் பனி பிடிக்கும்" என்றார். மகள் 20 டாலர் நீட்டினாள். வாங்கவில்லை. "ஊருக்குப் போனதும் முதலில் டயர் கடைக்குப் போ, அப்புறம் பாலத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டு, எங்கள் வண்டி கிளம்பும் வரை நின்றார். டயர் ஒட்ட 15 டாலர்.

எட்மண்ட் பெட்டஸ் பாலம். உள்நாட்டுப் போரில் அடிமை முறைக்காகச் சண்டை போட்ட தளபதி, கறுப்பர்களைத் தாக்கி மிரட்டிய கூ கிளக்ஸ் கிளான் என்கிற வெள்ளையர் வெறிக் கூட்டத்தின் தலைவர், அவர் பெயர்தான் இன்றைக்கும் பாலத்தின் நெற்றியில் பெரிய எழுத்தில். ஏறும்போது எதிர்ப்பக்கம் தெரியாது, பாலம் நடுவில் உயர்ந்து வளைகிறது. உச்சிக்கு வந்ததும்தான் அந்தப் பக்கம் கண்ணில் படுகிறது. 1965 மார்ச் 7, ஞாயிறு, ஏறக்குறைய 600 பேர் இரண்டிரண்டு பேராக இந்த உச்சிக்கு வந்தபோது, கீழே மாநிலப் போலீஸ் தடியோடு, முகமூடியோடு நின்றது. முன்வரிசையில் இருந்த ஜான் லூயிஸுக்கு 25 வயது. எப்படியும் சிறைக்குப் போவோம் என்று முதுகுப்பையில் இரண்டு புத்தகம், ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, பல்துலக்கி எடுத்து வந்திருந்தார். மண்டை உடைந்தது.

அமீலியா பாய்ண்டன் 1930-களிலிருந்தே இந்த ஊரில் கறுப்பர்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய அலைந்தவர். பேரணித் திட்டமெல்லாம் அவர் வீட்டில்தான் பேசப்பட்டது. அன்றைக்கு அடித்து நினைவிழந்து விழுந்த அவர் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஐம்பது வருடம் கழித்து, 2015-இல், சக்கர நாற்காலியில் ஒபாமாவின் பக்கத்தில் அதே பாலத்தைக் கடந்தார். நான் அந்த உச்சியில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றேன். வெயிலில் கம்பி சுட்டது. கீழே ஆறு, மேலே வாகனம் போகும்போதெல்லாம் பாலம் லேசாக அதிர்ந்தது.

லூயிஸோடு முன்வரிசையில் நடந்த இன்னொருவர் ஹோசியா வில்லியம்ஸ். இந்தப் பெயரை மகள் வியாழக்கிழமை இரவே படித்திருந்தாள். 1987 ஜனவரியில், நூறு பேருக்கும் குறைவான ஒரு சிறு கூட்டத்தோடு ஃபோர்சைத் மாவட்டத்துக்குள் நடந்தவரும் அவரேதான். கல்லும் பாட்டிலும் வீசினார்கள், அவர் மேலும் கல் பட்டது. அடுத்த சனிக்கிழமையே 20,000 பேரோடு திரும்பி வந்தார். இந்தப் பாலத்தில் நின்று அதைச் சொன்னபோது மகளுக்குக் குரல் தழுதழுத்தது. செல்மா பேரணி நடந்த அதே 1965-இல், ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. அக்டோபர் 3-இல், எந்த நாட்டில் பிறந்தவர் என்று பார்த்து ஆளை அளந்த பழைய குடியேற்ற ஒதுக்கீட்டை ஒழித்த சட்டம் வந்தது. அது இல்லாவிட்டால் கம்மிங்கில் முருங்கைக்காய் ஏது.

ஊர் வாடிக் கிடக்கிறது. 2023 ஜனவரியில் அடித்த சூறாவளியில் கூரை போன வீடுகள் இன்னும் நீலத் தார்ப்பாயோடு நிற்கின்றன. உலகமே வந்து படம் எடுத்துக்கொண்டு போகும் ஊருக்கு இது நியாயமா என்று மனசு ஆறவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு, பர்மிங்ஹாம்

16-ஆம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஞாயிறு வழிபாடு. வெள்ளைக் கையுறை போட்ட பெரியம்மா ஒருவர் இடம் காட்டி உட்கார வைத்தார். வெளியூர்க்காரர்களை எழுந்து ஊர் சொல்லச் சொன்னார்கள். "திருச்சி, இந்தியா" என்றேன். கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

1963 செப்டம்பர் 15, காலை 10:22-க்கு இந்தக் கட்டடத்தில் குண்டு வெடித்தது. இறந்தது நான்கு சிறுமிகள். ஆடி மே காலின்ஸ், கரோல் ராபர்ட்சன், சிந்தியா வெஸ்லி, மூவருக்கும் 14 வயது. டெனிஸ் மெக்நேருக்கு 11. ஆடி மேயின் தங்கை சாரா ஒரு கண்ணை இழந்து பிழைத்தாள். முதல் தண்டனை கிடைக்க 14 வருடம் ஆனது, கடைசித் தண்டனை 2002-இல்.

பின்மாடத்தில் ஒரு வண்ணக் கண்ணாடிச் சன்னல். கை விரித்த கறுப்பு ஏசு. ஒரு கை தடுக்கிறது, ஒரு கை கொடுக்கிறது. இது வேல்ஸ் நாட்டு மக்கள் கொடுத்தது. ஜான் பெட்ஸ் என்கிற கண்ணாடிக் கலைஞர் செய்தியைக் கேட்டு மனம் பொறுக்காமல் செய்து தருகிறேன் என்றார், கார்டிஃப் செய்தித்தாள் ஒன்று பணம் திரட்டியது. ஒருவர் அரை கிரௌன் நாணயத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். பணக்காரர் ஒருவரே மொத்தமும் கொடுத்துவிடக் கூடாது, ஊர் முழுக்கச் சேர்ந்து கொடுத்ததாக இருக்க வேண்டும் என்பதற்காக. ஒரு ரூபாய் ரசீதுப் புத்தகத்தோடு ஒவ்வொரு தொலைபேசி நிலையமாக ஏறி இறங்கியவளுக்கு இதைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. பாட்டு முடியும் வரை திரும்பித் திரும்பி அந்தச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 21, திங்கள், கம்மிங்

பேரன் பள்ளி விட்டு வந்ததும் மூன்று பேரும் ஊர்ச் சதுக்கத்துக்குப் போனோம். வழியில் கடையில் தொட்டித் தொட்டியாகச் செவ்வந்தி. இந்த மாதத்தில் இங்கே எந்தக் கடை வாசலிலும் செவ்வந்திதான். மஞ்சள் தொட்டியைப் பேரன் எடுத்தான், 6 டாலர்.

ராப் எட்வர்ட்ஸ் பெயரில் 2021-இல் வைத்த பலகை அங்கே இருக்கிறது. மகள் இந்தப் பக்கம் எத்தனையோ முறை வந்திருக்கிறாள். பேரன் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தான். தேதியையும் வாசித்தான். "அவர் தப்பு பண்ணாரா அம்மாச்சி?" என்றான். யாரும் விசாரிக்கவே இல்லை கண்ணா, அதற்குள் கொன்றுவிட்டார்கள் என்றேன். மகள் என்னைப் பார்த்தாள், ஆனால் தடுக்கவில்லை.

அவன் தொட்டியைப் பலகையின் காலடியில் வைத்தான். வாடிவிடுமே என்று யோசித்து, பள்ளிப் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மிச்சம் இருந்ததை எல்லாம் ஊற்றினான்.